கேம்ப் ஷ்ரைவர், 1962: ஒரு வீட்டுத் தோட்டமும் ஒரு கோடை விடுமுறையும்

முழுப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் பாளையங்கோட்டைத் தெருக்களில் பிள்ளைகள் போட ஆரம்பிக்கும் சத்தம் ஜூன் வரை ஓயாது. சைக்கிள், கிரிக்கெட், ஆற்றுக்குளியல், ஆச்சி வீடு என்று அவர்களுக்கு நாள் போவதே தெரியாது. அதே தெருவில் ஏதாவது ஒரு வீட்டில், சிறப்புப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் அன்றிலிருந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அவனுக்கும் லீவுதான். ஆனால் அந்த லீவில் போவதற்கு அவனுக்கு ஓர் இடம் கிடையாது. பள்ளி நாட்களில் அவன் அம்மாவுக்குக் கிடைத்த நாலைந்து மணி நேர ஓய்வும் அன்றோடு நின்றுபோகும்.

நாங்கள் சிலர் சேர்ந்து மே மாதத்தில் இந்தப் பிள்ளைகளுக்காகப் பத்து நாள் முகாம் ஒன்று நடத்துகிறோம். சம்பளம் யாருக்கும் இல்லை. பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள், சில இல்லத்தரசிகள், ஓய்வு பெற்ற இரண்டு பேர். புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்து நான் முதலில் சொல்வது, 1962இல் அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் நடந்த கேம்ப் ஷ்ரைவர் என்ற கோடை முகாமைப் பற்றித்தான். நாங்கள் செய்கிற காரியத்தின் நல்லதும் குறையும் அதில் அப்படியே இருக்கிறது. வருடா வருடம் வாயால் சொல்லி வந்ததை இந்த முறை எழுதிவைக்கிறேன்.

ஒரு தாயின் தொலைபேசி அழைப்பு

அந்த வீடு இருந்தது வாஷிங்டனுக்குப் பக்கத்தில் ராக்வில் என்ற இடத்தில். பெயர் டிம்பர்லான். குடியிருந்தவர்கள் யூனிஸ் கென்னடி ஷ்ரைவரும் அவர் கணவர் சார்ஜென்ட் ஷ்ரைவரும். யூனிஸ், அப்போது அதிபராக இருந்த ஜான் கென்னடியின் தங்கை. கணவர், 1961இல் தொடங்கப்பட்ட அமைதிப்படை என்ற தன்னார்வ அமைப்பின் இயக்குநர். வசதிக்குக் குறைவில்லை. பரந்த புல்வெளி, நீச்சல் குளம், குதிரைகள் எல்லாம் உண்டு.

அந்தக் கோடைக்கு முன்பு ஒரு தாய் யூனிஸுக்குத் தொலைபேசியில் பேசினார். தன் குழந்தைக்கு அறிவுசார் குறைபாடு இருக்கிறது, எந்தக் கோடை முகாமும் அவனைச் சேர்த்துக்கொள்ள மறுக்கிறது என்று சொன்னார். யூனிஸ் சொன்ன பதில் பிற்காலத்தில் அவரே பல முறை நினைவுகூர்ந்தது. இதைப் பற்றி நாம் மேலும் பேச வேண்டியதில்லை, இன்றிலிருந்து ஒரு மாதத்தில் நானே முகாம் தொடங்குகிறேன், கட்டணம் கிடையாது, பிள்ளையைக் கொண்டுவந்து விடுவதும் திரும்ப அழைத்துப் போவதும் மட்டும் உங்கள் பொறுப்பு. அவ்வளவுதான் பதில்.

இந்தப் பதிலில் இருக்கும் வேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன். குழு அமைப்போம், ஆய்வு செய்வோம், அடுத்த வருடம் பார்ப்போம் என்று அவர் சொல்லவில்லை. இத்தனைக்கும் குழுவும் ஆய்வும் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தன. அறிவுசார் குறைபாடு பற்றி ஆராய ஒரு நிபுணர் குழுவை அதிபர் 1961 அக்டோபரில் அமைத்திருந்தார். அதற்கு அவரை விடாமல் நச்சரித்தவரே யூனிஸ்தான். அந்தக் குழு தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. ஆனால் குழு அறிக்கை தரும்வரை ஒரு குழந்தையின் கோடைக்காலம் காத்திருக்காதே. எட்டு வயதுக் கோடை போனால் போனதுதான்.

அவருக்கு ஏன் பட்டது

யூனிஸுக்கு மூத்தவர் ரோஸ்மேரி. 1918இல் பிறந்தவர். ஒன்பது பிள்ளைகள் கொண்ட அந்தக் குடும்பத்தில் அவர் ஒருவருக்குத்தான் படிப்பும் மற்றதும் மெதுவாக வந்தன. ஆனால் நீச்சலும் நடனமும் அவருக்குப் பிடிக்கும், வந்தும் வந்தன. யூனிஸ் அக்காவைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார், கூட நீந்துவார். 1941இல் ரோஸ்மேரிக்கு 23 வயது ஆனபோது தந்தை ஏற்பாட்டில் அவருக்கு மூளையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். லோபோடமி என்பது அதன் பெயர். அன்று அதைப் பெரிய மருத்துவமாக நினைத்தார்கள். அதன் பிறகு அவரால் சரியாக நடக்க முடியவில்லை, பேச்சும் போய்விட்டது. மீதி வாழ்நாளை அவர் காப்பகத்தில்தான் கழித்தார். 2005 வரை இருந்தார்.

எங்கள் இளைஞர்களிடம் இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். உலகத்தின் செல்வாக்கான குடும்பங்களில் ஒன்றிலேயே இதுதான் நடந்தது. மற்ற வீடுகளில் என்ன நடந்திருக்கும்? அன்றைய அமெரிக்காவில் மருத்துவர்களே, குழந்தை பிறந்தவுடன் காப்பகத்தில் விட்டுவிடுங்கள், மறந்துவிடுங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பள்ளிகளும் சேர்க்க மறுக்கலாம். எல்லாக் குழந்தைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம் தந்தே ஆக வேண்டும் என்ற சட்டம் அங்கே வந்ததே 1975இல்தான். 1970ஆம் ஆண்டில்கூட குறைபாடு உள்ள ஐந்து குழந்தைகளில் ஒருவருக்குத்தான் பள்ளியில் இடம் கிடைத்தது. பள்ளியே இல்லாத பிள்ளைக்குப் பள்ளி விடுமுறை என்று ஒன்று எப்படி வரும்?

1962 செப்டம்பரில், முகாம் நடந்த அதே கோடையின் முடிவில், யூனிஸ் ஒரு பிரபல இதழில் தன் அக்காவைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். வீட்டுக்குள் ஒளித்துவைத்திருந்ததை ஊரறியச் சொன்ன துணிச்சல் அது. அதைப் படித்துவிட்டு எத்தனை அம்மாக்கள் தங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்திருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

முகாம் நடந்த விதம்

1962 ஜூனில் முகாம் தொடங்கியது. வந்த குழந்தைகள் முப்பது முப்பத்தைந்து பேர் இருக்கும். காலையில் வந்து பிற்பகலில் வீட்டுக்குத் திரும்பும் பகல் முகாம். தங்கல் கிடையாது. வேலைக்கு ஆள் வேண்டுமே? சிறப்பாசிரியர்களையோ செவிலியர்களையோ அவர் கூட்டமாகக் கொண்டுவந்து நிறுத்தவில்லை. சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்குச் சொல்லியனுப்பி மேல்நிலைப் பள்ளி மாணவர்களையும் கல்லூரி மாணவர்களையும் அழைத்தார். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். இப்படிப்பட்ட குழந்தைகளோடு பழகிய அனுபவம் அவர்களில் பெரும்பாலோருக்குக் கிடையாது. ஏறக்குறைய ஒரு குழந்தைக்கு ஒருவர் என்ற கணக்கு.

இந்தக் கணக்குதான் அந்த முகாமின் உயிர்நாடி. நீச்சல் குளமோ குதிரையோ அல்ல. பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் குதிரைதான் தெரியும். குழந்தைக்குத் தெரிவது, இன்று முழுக்க என்னோடு மட்டும் இருக்கப் போகிற இந்த ஒரு ஆள்.

நீந்தினார்கள், பந்து விளையாடினார்கள், மரம் ஏறினார்கள், குதிரை ஏறினார்கள், டிராம்போலினில் குதித்தார்கள். இவர்களால் இதெல்லாம் முடியாது, ஓடிவிடுவார்கள், அடிபடுவார்கள், தண்ணீரில் மூழ்கிவிடுவார்கள் என்று விவரம் தெரிந்தவர்களே எச்சரித்திருந்த காலம். யூனிஸ் வராந்தாவில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கவில்லை. தானே குளத்தில் இறங்கிப் பிள்ளைகளுக்கு நீந்தக் கற்றுக்கொடுத்தார். அவருக்கு அப்போது நாற்பது வயது. அவருடைய சொந்தப் பிள்ளைகளும் கூடவே விளையாடினார்கள். மூத்தவனுக்கு எட்டு, மகளுக்கு ஆறு, சின்னவன் டிமோதிக்கு மூன்று வயது நிறையவில்லை. அந்த டிமோதிதான் பின்னாளில், 1996இல், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் போட்டிகள் நடத்தும் சிறப்பு ஒலிம்பிக்ஸ் அமைப்பின் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். புல்வெளியில் பழகியது மனதில் அப்படி ஊறிப்போயிருக்க வேண்டும்.

அடுத்தடுத்த கோடைகளிலும் முகாம் தொடர்ந்தது. கென்னடி குடும்பத்தின் அறக்கட்டளை, இதே மாதிரி முகாம் நடத்த முன்வந்த மற்ற ஊர்களுக்கும் பணம் கொடுக்க ஆரம்பித்தது. அதைப் பற்றிப் பின்னால் வருகிறேன். அதற்கு முன்னால் இந்த "ஆளுக்கொரு துணை" என்ற ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

ஆளுக்கொரு துணை

எங்கள் முகாமை முதல் வருடம் நடத்தியபோது நாங்களும் எல்லோரையும் போலத்தான் செய்தோம். ஒரு மேடை, மைக், பாட்டு, விளையாட்டு, பரிசு, கடைசியில் பிரியாணிப் பொட்டலம். பிள்ளைகளை வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்தோம். ஆறேழு தன்னார்வலர்கள் அத்தனை பேரையும் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. மைக்கில் "ஹலோ ஹலோ" என்றதும் ஒரு பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் போய்விட்டான். ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் திடீர்ச் சத்தம் நம் காதில் விழுவதுபோல விழுவதில்லை. உடம்பே நடுங்கும் அளவுக்கு விழும். அவனை எழுப்பி உட்காரவைக்க நாங்கள் முயன்றோம். அவன் அலறினான். அவன் அலறலைக் கேட்டு இன்னும் இரண்டு பேர் அழுதார்கள். அவன் அம்மா யாரிடமும் எதுவும் சொல்லாமல் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். எட்டு வயதுப் பையன். அவர் கனம் தாங்காமல் சாய்ந்து சாய்ந்து நடந்து போனது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அன்றைக்கு எங்களிடம் இல்லாமல் போனது அன்பு அல்ல. அன்பு எல்லோரிடமும் நிறையவே இருந்தது. அந்தப் பையனுக்கு என்று ஓர் ஆள் இல்லை. இருந்திருந்தால், காலையிலேயே அவன் அம்மாவிடம் பேசியிருப்பார், மைக் ஆகாது என்று தெரிந்திருக்கும், அவனை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப் போயிருப்பார்.

அடுத்த வருடம் ஒரு பிள்ளைக்கு ஒரு துணை என்று வைத்தோம். இருபது பிள்ளைகளை அழைத்துப் பத்துத் தன்னார்வலர்களை வைத்துக்கொள்வதைவிடப் பத்துப் பிள்ளைகளை மட்டும் அழைப்பது மேல் என்று முடிவு செய்தோம். இந்த முடிவில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. வர ஆசைப்படுகிற பிள்ளைகளை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் என் கருத்து மாறவில்லை. துணை இல்லாமல் கூட்டத்தில் உட்காரவைக்கப்பட்ட பிள்ளைக்கு அது விழாவே அல்ல. அது வெறும் காத்திருப்பு. அதனால் பிள்ளைகளைக் குறைப்பதற்குப் பதில் ஆட்களைக் கூட்ட வேண்டும் என்று கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்குகிறோம். டிம்பர்லானிலும் அதைத்தான் செய்தார்கள்.

துணையாக வருகிறவர் முகாமுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையின் வீட்டுக்கே போய் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வர வேண்டும். காப்பி குடித்துவிட்டு, அவன் என்ன சாப்பிடுவான், எதற்குப் பயப்படுவான், பாத்ரூம் போக வேண்டும் என்பதை எப்படிச் சொல்வான், வலிப்பு வருமா, என்ன மாத்திரை, எதைக் கையில் கொடுத்தால் அமைதியாவான் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் இல்லாத விவரம் அந்த அடுக்களை வாசலில் கிடைக்கும். ஒரு பையனுக்குச் சாவிக்கொத்து. இன்னொரு பெண்ணுக்கு ஈரத்துணி. இன்னொருவனுக்கு எதுவும் வேண்டாம், "போலாம்" என்று மட்டும் சொல்லாமல் இருந்தால் போதும்.

தண்ணீர் விஷயத்தையும் டிம்பர்லானிடமிருந்துதான் எடுத்துக்கொண்டோம். எங்களிடம் நீச்சல் குளம் இல்லை. தாமிரபரணி இருக்கிறது. குறுக்குத்துறைப் படித்துறைக்குக் காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன்னால், கூட்டிப் போவோம். முழங்கால் தண்ணீருக்கு மேல் யாரையும் இறக்குவதில்லை. பிள்ளைக்கு ஒரு துணை போக, நன்றாக நீந்தத் தெரிந்த அப்பாக்கள் நாலு பேர் தண்ணீருக்குள் வரிசையாக நிற்பார்கள். வலிப்பு உள்ள பிள்ளை என்றால் கை எட்டும் தூரத்தில் இன்னும் ஒருவர். இதில் கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கக் கூடாது.

பத்து வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். வீட்டில் தலைக்குத் தண்ணீர் ஊற்றவே விடமாட்டான் என்று அம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். அவனுக்குத் துணை, பாலிடெக்னிக் படிக்கும் ஒரு தம்பி. முதல் நாள் மேல் படியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

"எக்கா, இவன் தண்ணிப் பக்கமே வரமாட்டேங்கான். நான் என்ன செய்ய?" என்று அந்தத் தம்பி கேட்டான்.

"ஒண்ணும் செய்யாண்டாம். நீயும் பக்கத்துல உக்காரு" என்றேன்.

உட்கார்ந்தான். ஒரு மணி நேரம் இருவரும் படியில் உட்கார்ந்து கல் பொறுக்கி ஆற்றில் போட்டார்கள். இரண்டாம் நாளும் அதே. மூன்றாம் நாள் இரண்டு படி கீழே. கல் விழுந்து தெறித்த தண்ணீர் காலில் பட்டபோது பையன் காலை இழுத்துக்கொண்டான், அப்புறம் தானாகவே நீட்டினான். ஐந்தாம் நாள் கடைசிப் படியில் உட்கார்ந்து இரண்டு பாதத்தையும் தண்ணீருக்குள் வைத்தான். மீன்குஞ்சுகள் வந்து பாதத்தைக் கொத்தின. அவன் வாயைத் திறந்து, சத்தமே வராமல், தோள் குலுங்கச் சிரித்தான். கரையில் நின்ற அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். "எக்கா, அவன் இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல" என்றார்.

அவன் கடைசி வரைக்கும் ஆற்றில் குளிக்கவில்லை. குளிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. லீவில் ஒரு பிள்ளை ஆற்றங்கரையில் உட்கார்ந்து கல் எறிவது முழுமையான ஒரு லீவுதானே. சிறப்புக் குழந்தை என்றால் மட்டும் எதைச் செய்தாலும் அது சிகிச்சையாகவோ முன்னேற்றமாகவோ இருக்க வேண்டும் என்று ஏன் எதிர்பார்க்கிறோம்? வருடம் முழுக்க அவனுக்குப் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி என்று அட்டவணைதான். பத்து நாளாவது யாரும் அவனை அளக்காமல் இருக்கட்டும்.

அந்தப் பாலிடெக்னிக் தம்பி இப்போது வேலைக்குப் போய்விட்டான். மே மாதம் வந்தால் ஐந்து நாள் லீவு போட்டுவிட்டு வந்துவிடுகிறான். டிம்பர்லானுக்கு வந்த அந்தப் பதினாறு வயதுப் பிள்ளைகளும் இப்படித்தான் மாறியிருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. நிபுணர்களுக்குப் பதில் இளைஞர்களை அழைத்ததில் இருந்த பெரிய நன்மை இதுதான். நிபுணருக்கு, இந்தப் பிள்ளையால் என்ன முடியாது என்று ஏற்கெனவே தெரியும். பதினாறு வயதுப் பையனுக்கு அது தெரியாது. பந்தைப் போட்டுப் பார்ப்பான்.

எனக்கு நெருடும் இடங்கள்

கேம்ப் ஷ்ரைவரை நான் கொண்டாடுகிறேன் என்றாலும் அதில் இரண்டு விஷயங்கள் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

முதலாவது, "பிள்ளையைக் கொண்டுவந்து விடுவது உங்கள் பொறுப்பு" என்ற நிபந்தனை. ஒரே மாதத்தில் தொடங்கிய முகாமில் அது தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வண்டி இல்லாத குடும்பம், வேலையை விட்டு வர முடியாத தாய், இவர்களுடைய பிள்ளைகள் அந்தப் புல்வெளிக்கு எப்படி வந்திருக்க முடியும்? கட்டணம் இல்லை என்பதாலேயே ஏழைக்கும் கதவு திறந்துவிட்டதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். கதவு திறந்திருக்கும், கதவு வரை வர ஆட்டோ காசு இருக்காது. சக்கர நாற்காலி ஏறாத பேருந்தில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது இன்னும் ஆழமானது. அந்த முகாமில் உதவி செய்கிறவர்கள் ஒரு பக்கம், உதவி பெறுகிறவர்கள் ஒரு பக்கம். துணைக்கு வந்த மாணவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், குறைபாடு உள்ள பிள்ளை எப்போதும் வாங்கிக்கொள்கிற இடத்திலேயே இருந்தான். ஷ்ரைவரின் சொந்தப் பிள்ளைகள் கூட விளையாடினார்கள் என்பது ஒரு விதிவிலக்கு. நம் ஊர் விழாக்களில் இது இன்னும் அப்பட்டமாகத் தெரியும். பொங்கலோ தீபாவளியோ கிறிஸ்துமஸோ வந்தால் சிறப்புப் பள்ளிக்குப் போய் இனிப்பும் புதுத்துணியும் கொடுத்து, பிள்ளைகளை நடுவில் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு மதியத்துக்குள் கிளம்பிவிடுகிறோம். கொடுப்பவர்களின் மனது நல்ல மனதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பொங்கல் என்றால் பானையில் அரிசியைப் போடுவதுதானே விழா? அந்தக் கைப்பிடி அரிசியை அந்தப் பிள்ளை கையால் போட வைத்தோமா? கோலத்துக்குப் பொடி எடுத்துக் கொடுக்கச் சொன்னோமா? விழாவில் ஒரு வேலை கிடைத்தவன்தான் விழாவுக்குள் இருக்கிறான். மற்றவன் பார்வையாளன்.

இந்தக் குறையைப் பின்னால் வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். பாஸ்டனில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் 2006 முதல் கேம்ப் ஷ்ரைவர் என்ற அதே பெயரில் கட்டணமில்லாத கோடை முகாம் நடத்துகிறது. அதில் குறைபாடு உள்ள பிள்ளைகளும் இல்லாத பிள்ளைகளும் சரிபாதி. யாரும் யாருக்கும் உதவியாளர் அல்ல. ஒரே அணியில் ஆடுகிறார்கள், ஒரே அணியில் தோற்கிறார்கள். முதல் முகாமின் பெயரைத் தாங்கிக்கொண்டே அதன் குறையை நிவர்த்தி செய்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

தோட்டத்திலிருந்து மைதானத்துக்கு

முகாமின் விளைவு என்ன என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நிறைய உண்டு. ஏறக்குறைய அதே காலத்தில் கனடாவில் டொராண்டோவைச் சேர்ந்த ஃபிராங்க் ஹேடன் என்ற ஆய்வாளர், இந்தப் பிள்ளைகளின் உடல் பலவீனத்துக்குக் காரணம் குறைபாடு அல்ல, ஓடியாட வாய்ப்புக் கொடுக்காமல் உட்காரவைத்ததுதான் என்று தன் ஆய்வில் காட்டினார். ஷ்ரைவர் தோட்டத்தில் கண்ணால் பார்த்தது அங்கே எண்ணாக வந்தது. ஹேடன் பின்னர் அறக்கட்டளையோடு வந்து சேர்ந்தார்.

சிகாகோவில் பூங்காத் துறையில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்த ஆன் பர்க் என்ற இளம்பெண், நகர அளவில் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு தடகளப் போட்டி நடத்தலாம் என்று யோசனை சொல்லி அறக்கட்டளையிடம் பணம் கேட்டார். அந்த யோசனை வளர்ந்து, 1968 ஜூலை 20 அன்று சிகாகோ சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில் முதல் சிறப்பு ஒலிம்பிக்ஸ் நடந்தது. அமெரிக்காவின் 26 மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் சுமார் 1,000 பேர் பங்கெடுத்தார்கள். யூனிஸின் தம்பி ராபர்ட் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டு ஏழு வாரம்கூட ஆகவில்லை. துக்க வீட்டிலிருந்து எழுந்து வந்து யூனிஸ் அந்தப் போட்டியைத் தொடங்கிவைத்தார். பிரம்மாண்டமான அந்த மைதானத்தின் இருக்கைகள் கிட்டத்தட்ட காலி. பார்க்க வந்தவர்கள் நூறு பேர்கூட இல்லை என்கிறார்கள். ஓடியவர்களுக்கு அது ஒரு பொருட்டாகவே இருந்திருக்காது. அந்த ஆன் பர்க் பின்னாளில் இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாகவும் ஆனார்.

இன்று சிறப்பு ஒலிம்பிக்ஸ் 170க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. இன்றைய இந்தியக் கிளை 2001இல் தொடங்கியது. நம் நாட்டுப் பிள்ளைகளும் உலகப் போட்டிகளில் பதக்கம் வாங்கி வருகிறார்கள். பதக்கம் வாங்காதவர்கள்தான் எங்கும் அதிகம், எனக்கு அவர்களைப் பற்றிய அக்கறைதான் கூடுதல்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது என்பதைப் பெற்றோர் பலர் அறிந்திருக்கவில்லை. இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆவது பிரிவு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மற்றப் பிள்ளைகளுக்குச் சமமாக இந்தப் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்கிறது. அதையொட்டி வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 29ஆவது பிரிவு கலை, பண்பாடு, பொழுதுபோக்குக்கும் 30ஆவது பிரிவு விளையாட்டுக்கும் என்றே இருக்கின்றன. எங்கள் முகாமுக்கு இடம் கேட்டுப் போனபோது ஒரு பள்ளி நிர்வாகம், "மற்றப் பெற்றோர் என்ன நினைப்பார்களோ" என்று கையை விரித்தது. நாங்கள் சண்டை போடவில்லை. அடுத்த முறை போனபோது அந்த இரண்டு பிரிவுகளையும் நகல் எடுத்து மேசை மேல் வைத்துவிட்டுப் பேசினோம். பேச்சு வேறு மாதிரி போனது. மைதானம் கிடைத்தது. பெற்றோர் யாரும் எதுவும் நினைக்கவில்லை. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் சிலர் மட்டும் மதிலில் ஏறி உட்கார்ந்து, நாங்களும் வரலாமா என்று கேட்டார்கள்.

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. முகாம் இவர்களுக்கு மட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். இறங்கிப் போனவர்களில் ஒருவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான். எங்கள் பக்கத்திலிருந்தும் ஒரு பிள்ளை அவனுக்குக் கை காட்டினாள்.

இந்த வருட நோட்டீஸ் அச்சுக்குப் போயிருக்கிறது. பழைய நோட்டீஸிலிருந்து இரண்டு இடங்களில் மாற்றம். "சிறப்புக் குழந்தைகளுக்கான" என்று இருந்ததை எடுத்துவிட்டு "நம் பகுதிக் குழந்தைகள் எல்லோருக்குமான" என்று போட்டிருக்கிறோம். "பெற்றோர் காலை 7 மணிக்குள் குழந்தைகளைக் கொண்டுவந்து விடவும்" என்ற வரி இருந்த இடத்தில், "வண்டி வீட்டு வாசலுக்கு வரும்" என்று இருக்கும். இரண்டு ஷேர் ஆட்டோவும் ஒரு வேனும் பேசி முன்பணம் கொடுத்தாயிற்று. வேனில் சக்கர நாற்காலி ஏற்றப் பலகை அடிக்கும் ஆசாரி செவ்வாய்க்கிழமை அளவெடுக்க வருகிறார்.